ஏரிக்கரையில் கோழிக்கழிவு கொட்டுவதைத் தடுக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், போச்சம்பள்ளி வட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், கிருஷ்ணகிரி.

பார்வை: தை, ஆனி மாதங்களில் கீழ்நிலை அலுவலகங்களில் அளித்த எனது மனுக்கள்.

ஐயா,

வணக்கம். மாந்தோப்பைக் கடந்து மதகுக்குப் போகும் எங்கள் ஊர் ஏரிக்கரையைத் தாங்கள் அறிவீர்கள். பாரூர் ஏரியைப் போல ஆற்றுநீர் வந்து சேரும் ஏரி அன்று இது, வானம் பார்த்தது. ஆயினும் தண்ணீர் நிற்கும் மாதங்களில் முக்குளிப்பான், நாமக்கோழி போன்ற நீர்ப்பறவைகளுக்குக் குறைவிருக்காது. ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைப் பறவை பார்க்க அழைத்துச் செல்வது என் வழக்கம். மேற்குக் கரையில் அப்போது வெயில் முதுகில் விழுவதால், எங்களிடமுள்ள ஒரே பழைய பைனாகுலரிலும் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும்.

1. கரையின் நுழைவிடத்தில் இரவில் சரக்கு வண்டிகளில் வந்து கோழிக்கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள்.

2. நாற்றத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடலாம். நாய்களைக் கடக்க முடியவில்லை. கழிவைத் தின்று பழகிய தெருநாய்கள் கரையிலேயே தங்கிவிட்டன. ஆடு மேய்க்கும் பெண்களே தனியாக வர அஞ்சுகிறார்கள்.

3. வைகாசியில், மதகுக்கு அப்பாலுள்ள சரளை மேட்டில் ஆள்காட்டிக்குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூடென்று ஒன்றும் இல்லை. கூர்முனைகள் உட்புறம் பார்க்க, மண்ணிறத்தில் கரும்புள்ளிகளுடன், கல்லோடு கல்லாகக் கிடந்தன. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். பத்தடி தள்ளி அடையாளக் கல் நட்டு, அன்றுமுதல் சுற்றி நடந்தோம். நான்கு வாரம் அடைகாக்க வேண்டிய முட்டைகள். இரண்டாம் வாரமே ஓட்டுத் துணுக்குகளும் நாயின் கால்தடங்களும்தான் மிஞ்சியிருந்தன. இரு பறவைகளும் எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "மனு கொடுத்தீங்களே சார், யாரும் படிக்கலையா?" ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதாலேயே அதற்கு ஆள்காட்டி என்று பெயர். இரவிலும் கத்தும் பறவை அது. வண்டி வரும்போதெல்லாம் ஊருக்கே கேட்கக் கத்துகிறது. ஒரு குருவிக்குத் தெரிவது, சம்பளம் வாங்கும் எவருக்கும் தெரியவில்லை என்றால் நான் எப்படி நம்புவது ஐயா? இரண்டு மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டுதான் கிடைத்தது. எந்த ஏரி என்று கேட்கக்கூட ஒருவரும் வரவில்லை. கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

4. பெற்றோர் இப்போது பிள்ளைகளை அனுப்புவதில்லை. சென்ற ஞாயிறு வந்தவர் இருவர்.

5. நாய்களைக் கொல்லும்படி நான் கேட்கவில்லை; தீனி நின்றால் அவை தாமே கலைந்துவிடும். கிடக்கும் மூட்டைகளை அகற்றி, சரக்கு வண்டி நுழையாதபடி கரை முகப்பில் ஓர் இரும்புக் குறுக்குக்கம்பி பொருத்தினாலே போதும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அக்கழிவு முழுவதும் ஏரிக்குள் இறங்கும். வலசை வரும் வாலாட்டிக்குருவிகளும் அப்போதுதான் வந்து சேரும். ஆகவே மழைக்கு முன்பே ஆவன செய்ய வேண்டுகிறேன். மீண்டும் வேண்டுகிறேன், அந்தக் கம்பி ஒன்றை மட்டுமாவது உடனே பொருத்த உத்தரவிட வேண்டும். இயன்றால் ஒரு ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தாங்களே நேரில் வந்து பார்க்க வேண்டும். அடையாளக் கல் இன்னும் அங்கேயே நிற்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர்