ஒயிட் பாஸ் ஏரிகள்: தெளிந்த தண்ணீர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வசந்தம் பிறந்ததும் டெக்சாஸ், ஓக்லஹோமா, ஒஹையோ பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல ஒயிட் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கக் கிளம்பிவிடுகின்றன. தங்கள் நாளிதழில் வரும் ஏரிச் சுற்றுலாக் குறிப்புகள் படகுத்துறை, கூடாரம் அடிக்கும் இடம், நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் சொல்கின்றன. தண்ணீரைப் பற்றி மட்டும் 'தெளிவான நீர்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. பிடித்த மீனைக் குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்கும் பரிமாறுகிறவர்களுக்கு அந்தத் தகவல் போதாது.

ஒயிட் பாஸின் முக்கிய இரை, மத்தி இனத்தைச் சேர்ந்த ஷேட் என்னும் சிறுமீன். ஷேட் பெருக வேண்டுமானால் தண்ணீரில் நுண்ணுயிர் மிதவைகள் வேண்டும். அவை பெருக ஓரளவு பாஸ்பரஸ் வேண்டும். அதனால் அடிமண் தெரியும் அளவுக்குத் தெளிந்த ஏரியில் இந்த மீன் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். தெளிவை அளக்கச் செக்கி தட்டு என்ற 20 சென்டிமீட்டர் அகலக் கறுப்பு வெள்ளைத் தட்டு இருக்கிறது. நடுப்பகலில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படகின் நிழல் விழும் பக்கம் இறக்க வேண்டும். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அளவு கிடைக்கும். 1 முதல் 2 மீட்டர் வந்தால் ஒயிட் பாஸுக்கு நல்ல ஏரி என்பேன். ஏரி நீரின் வளத்தை மதிப்பிடக் கார்ல்சன் என்ற ஆய்வாளர் 1977இல் வகுத்த குறியீட்டின்படி (எண் கூடினால் வளம் கூடுதல்) அது 60க்கும் 50க்கும் இடைப்பட்ட வளம். அரை மீட்டருக்குள் தட்டு மறைந்தால் காரணத்தைப் பார்க்க வேண்டும். பழுப்பாக இருந்தால் மழைக்குப் பின் கரைந்த களிமண்ணாக இருக்கலாம். சில நாளில் படியும். பச்சையாக இருந்தால் பாசி.

பாசியை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். இழை இழையாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வருவது பொதுவாகத் தீங்கற்ற பச்சைப் பாசி. பெயின்ட் பூசியதுபோல் குச்சியில் ஒட்டினால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், விலகிவிடுவதே நல்லது. கையுறை போட்டு, ஒரு கண்ணாடிக் குடுவையில் முக்கால் அளவு ஏரி நீரை எடுத்து, ஓர் இரவு குளிர்பெட்டியில் அசைக்காமல் வைத்தும் பார்க்கலாம்: பச்சை மேலே ஏடுபோல் திரண்டால் சந்தேகம் வலுக்கிறது. நஞ்சு இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். நீரில் இறங்கி விளையாடுவதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் பரிந்துரைத்த வரம்பு, லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின் என்னும் நீலப்பச்சைப் பாசி நஞ்சு. கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. இது மீனின் ஈரலிலும் குடலிலும் அதிகம் சேரும் என்பதால் அவற்றை எறிந்துவிட்டு, சதையைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.

தெளிவு ஏமாற்றும் என்பதற்கு ஆஸ்டின் அருகிலுள்ள டிராவிஸ் ஏரியே சான்று. அந்த வட்டாரத்தின் தெளிந்த ஏரிகளில் ஒன்றான அங்கு 2021 பிப்ரவரியில் கரையோரப் பாசிப் படலத்தின் நஞ்சால் நாய்கள் இறந்தன. ஒஹையோவை ஒட்டிய ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் காலம் முக்கியம். அங்கே கலக்கும் மாமீ ஆற்றில் மே மாதம் ஒயிட் பாஸ் திரளாக ஏறும். தண்ணீர் குளிர்ந்திருப்பதால் அப்போது பாசித் தொல்லை அரிது. அதே ஏரிப் பகுதியில்தான் 2014 ஆகஸ்டில் பாசி நஞ்சு கலந்து, டொலீடோ நகரமே குழாய் நீரைக் குடிக்க முடியாமல் தவித்தது. ஆகவே ஏரியின் பெயரோடு மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இடத்தையும் சேர்க்க வேண்டும். பெரிய நீர்த்தேக்கத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தே மாநில அரசுகள் மதிப்பிடுகின்றன. அணைக்கட்டின் பக்கம் எடுத்த அளவு, ஆறு வந்து சேரும் முகத்துக்குப் பொருந்தாது. ஒயிட் பாஸோ, நீர் 54 முதல் 68 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது முட்டையிட அந்த ஆற்றுக்குள்தான் ஏறுகிறது. ஆண் மீன்கள் முன்னே போகும். டெக்சாஸின் புக்கனன் ஏரிக்கு மேலே, அதே மாநிலத்தின் கொலராடோ ஆறு இதற்குப் பெயர்பெற்ற இடம். பலத்த மழை பெய்தால் மேய்ச்சல் நிலக் கழிவு முதலில் இறங்குவதும் இத்தகைய ஆற்று முகங்களில்தான். எனவே மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போவது நல்லது. மலக் கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு, குளிக்கும் நீரில் சராசரி வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 126. சுற்றுச்சூழல் முகமையின் 'ஹவ்ஸ் மை வாட்டர்வே' தளத்தில் ஏரியின் பெயரைக் கொடுத்தால் துண்டுவாரியாக நிலை தெரியும். 'பழுதுற்றது' (Impaired) என்று இருந்தால் உடனே ஒதுக்கிவிடாமல் காரணத்தைப் படியுங்கள். பாக்டீரியா என்றால் குளிப்பதில்தான் கவலை. பாதரசம் அல்லது பிசிபி என்னும் தொழிற்சாலை நச்சு வேதிப்பொருள் என்றால் கவலை சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

இவ்விரண்டுக்கும் வீட்டு வைத்தியம் வேறு வேறு. பிசிபி கொழுப்பில் தங்கும். தோலை உரித்து, வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டில் ஓடும் சிவந்த சதையையும் வெட்டி எறிந்தால் குறையும். அந்தச் சிவந்த சதைதான் கவிச்சிக்கும் காரணம் என்பதால் எப்படியும் எடுத்துவிடலாம். பாதரசம் சதையிலேயே கலந்திருக்கும். வெட்டியும் போகாது, வேகவைத்தும் போகாது. எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மாநில சுகாதாரத் துறை வெளியிடும் அறிவுரையே ஒரே வழி. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அளவு தனி.

கோடையில் ஆக்சிஜனும் ஒரு கேள்வி. ஆழமான ஏரிகளில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்நீரும் பிரிந்து, கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகலாம். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீனுக்கு வசதி. 2க்குக் கீழே போனால் மீன் அங்கே நிற்காது. மீன்காட்டிக் கருவியின் உணர்திறனைக் கூட்டினால் அந்த எல்லை மங்கலான பட்டையாகத் தெரியும். இரையை அதற்குக் கீழே இறக்குவது வீண்.

டெக்சாஸில் பொதுவான வரம்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மீன், குறைந்தது 10 அங்குல நீளம். உருவத்தில் ஒத்திருக்கும் கலப்பின பாஸுக்கு (ஒயிட் பாஸும் ஸ்ட்ரைப்டு பாஸும் கலந்தது) 5 மீன், 18 அங்குலம். நாக்கைத் தடவிப் பாருங்கள்: ஒயிட் பாஸுக்குச் சொரசொரப்பான பல்திட்டு ஒன்று, கலப்பினத்துக்கு இரண்டு. சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு என்பதால் கிளம்புமுன் சரிபார்க்க வேண்டும்.

அடுத்த பிப்ரவரி இதழ்களிலிருந்து, ஒவ்வோர் ஏரிக் குறிப்பின் கீழும் மூன்று வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்: நடப்பிலுள்ள மீன் உணவு அறிவுரை, பாசி எச்சரிக்கை, எந்தப் பகுதி எதனால் பழுதுற்றது. மூன்றும் அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்