ஸ்லிப் வந்தால் பணம் வந்ததாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகக் கடை போடுபவர்கள் பெயர்ப்பலகை மாட்டும்போதே கார்டு மெஷினையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் திரையில் ‘அப்ரூவ்டு’ என்று வந்ததுமே பணம் கல்லாவில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு உதைப்பது பெரும்பாலும் அங்கேதான். கார்டு கொடுத்த வங்கி அந்தத் தொகைக்குச் சம்மதித்திருக்கிறது என்பது மட்டுமே அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அன்றைய பில்களையெல்லாம் ஒரு பேட்ச்சாகச் சேர்த்து செட்டில்மென்ட்டுக்கு, அதாவது கணக்குத் தீர்க்க, அனுப்பிய பிறகுதான் பணம் நகரும். சில மெஷின்கள் இரவில் தாமாகவே அனுப்பிவிடும். சிலவற்றில் கடைக்காரர்தான் பேட்ச்சை முடிக்க வேண்டும். முடிக்காமல் நாள் கணக்கில் போட்டு வைத்தால் வங்கி தந்த சம்மதமே காலாவதியாகிவிடலாம். பேட்ச் தானாக முடியுமா, எத்தனை மணிக்கு, விடுமுறை நாளில் எப்படி என்று மெஷினைக் கையில் வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தொகையைத் தட்டும் இடத்தில் நேரும் பிழையைப் புதியவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பல மெஷின்கள் கடைசி இரண்டு எண்களைத் தசமமாக எடுத்துக்கொள்ளும். 1250 என்று அடித்தால் திரையில் 12.50 என்றுதான் இருக்கும். அவசரத்தில் பச்சை பட்டனை அமுக்கிவிட்டால் சரக்கு முழுசாகப் போய்விடும், பணம் நூறில் ஒரு பங்குதான் வரும். அதனால் தொகையை அடித்ததும் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, வாய்விட்டுச் சொல்லி, பிறகு கார்டை வாங்கும் பழக்கம் வேண்டும்.

தட்டிச் செலுத்தும் கார்டு வேலை செய்ய மெஷினுக்குச் சுமார் 4 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். பர்ஸோடு சேர்த்து வைத்தால் உள்ளே இருக்கும் இரண்டு கார்டுகளும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, மெஷின் குழம்பிப்போகும். ஒரே ஒரு கார்டை வெளியே எடுத்து, பீப் சத்தம் வரும்வரை அசைக்காமல் பிடிக்கச் சொல்லுங்கள். சிப் கார்டானால் பொன்னிறத் தகடு உள்ளே போகும்படி செருகி, ‘கார்டை எடுக்கவும்’ என்று வரும்வரை தொடக்கூடாது. பாதியில் உருவுவதால்தான் பல பில்கள் தோற்றுப்போகின்றன. சிப் இருக்கும் கார்டை, சிப் படிக்கத் தெரியாத பழைய மெஷினில் தேய்த்து, அது போலிக் கார்டு என்று பின்னால் தெரியவந்தால் பல நாடுகளில் நஷ்டம் கடையின் தலையில்தான் விழும். அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் கார்டு நிறுவனங்களின் விதியே அதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மெஷினை வாங்கிவிட வேண்டாம்.

இனி, அதிகம் சண்டை வரும் இடம். மெஷின் பாதியில் நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் கைப்பேசியில் பணம் எடுக்கப்பட்டதாகச் செய்தி. கடையில் ஸ்லிப் இல்லை. நடப்பது இதுதான்: மெஷினிலிருந்து கேள்வி போய் வங்கி சம்மதம் தந்துவிட்டது, ஆனால் அந்தப் பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்துவிட்டது. அங்கே தொகை பிடித்து வைக்கப்பட்டிருக்கும், இங்கே பதிவே இருக்காது. பதில் வராத பில்லுக்கு, இணைப்பு திரும்பியதும் ‘ரத்து செய்’ என்ற செய்தியைப் பொதுவாக மெஷினே அனுப்பும். பதற்றத்தில் அதை அணைத்துப்போட்டால் அந்தச் செய்தியும் தாமதமாகும். உடனே மறுபடி தேய்க்கவும் கூடாது. முதலில் கடைசிப் பில்லின் நகலை எடுத்துப் பாருங்கள், அல்லது மெஷினில் அன்றைய பட்டியலைத் திறந்து பாருங்கள். பில் அதில் இருந்தால் விற்பனை முடிந்துவிட்டது. இல்லையென்றால் கடைக்குப் பணம் வராது. அதை வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்கி, பட்டியலைக் காட்டி, வேறு வழியில் வாங்கிக்கொள்ளலாம். அவர் பணம் வங்கியிலேயே விடுபட்டுவிடும், சில நாள் பிடிக்கலாம். சிம், வைஃபை இரண்டும் உள்ள மெஷினாக எடுத்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

காகிதச் சுருளும் இதே குழப்பத்தைக் கொண்டுவரும். இது வெப்பத்தில் கருக்கும் காகிதம், ஒரு பக்கம் மட்டுமே அச்சு விழும். சுருளைத் திருப்பிப் போட்டால் வெள்ளைத் தாள்தான் வெளியே வரும். பில் விழவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை தேய்த்துவிடுகிறார்கள். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சுப் பக்கம்.

பிடித்தம் பற்றி ஒரு கணக்கு. ஒரு நாளில் கார்டு விற்பனை 20,000, திருப்பிக் கொடுத்தது 1,500 என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 2 சதவீதம் என்றால் 18,500-க்கு 370 போக 18,130 வரும் என்று எதிர்பார்ப்போம். வந்ததோ 18,100. சரக்கு திரும்பி வந்தாலும் விற்றபோது பிடித்த கட்டணத்தைப் பல நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை. முழு 20,000-க்கும் 400 பிடித்திருக்கிறார்கள். இதன்மேல் மாத வாடகை, ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தொகை, குறைந்தபட்ச மாதக் கட்டணம், ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் அபராதம் எல்லாம் இருக்கலாம். சதவீதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஏமாற்றம்தான். தினமும் மெஷினின் நாள் மொத்தம், வங்கியில் விழுந்த தொகை, பிடித்தம் மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. மாதக் கடைசியில் உட்கார்ந்து தேடினால் ஐந்து நாள்.

விற்பனையைத் திருப்புவதற்கு இரண்டு வழி உண்டு. பேட்ச் முடியும் முன் ‘வாய்ட்’ கொடுத்தால் அந்தப் பில்லே அழிந்துவிடும். முடிந்த பின் ‘ரீஃபண்ட்’தான். எதுவானாலும் வாங்கிய அதே கார்டுக்கே போக வேண்டும். கார்டில் வாங்கியதற்கு ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தால், அந்த ஆளே பிறகு வங்கியில் புகார் செய்து அந்தத் தொகையையும் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒரே சரக்குக்கு இரண்டு தடவை நஷ்டம்.

அந்தப் புகாருக்குப் பெயர் சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. புகார்களில் ஒரு பகுதி மோசடியே இல்லை. கடைப் பலகையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் உரிமையாளர் பெயர். வாடிக்கையாளர் தன் கணக்கு விவரத்தில் அந்த அறியாத பெயரைப் பார்த்துவிட்டு ‘இது நான் செய்ததில்லை’ என்கிறார். பதிவு செய்யும்போதே பலகையில் இருக்கும் பெயர்தான் அங்கும் வரும்படி எழுதிக் கொடுங்கள். புகார் வந்தால் குறித்த தேதிக்குள் பில், ஸ்லிப் நகல், சரக்கு கொடுத்ததற்கான கையொப்பம் எல்லாம் போக வேண்டும். தேதி தவறினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தோல்விதான். ஸ்லிப்பைப் பிளாஸ்டிக் உறையில் வெயில் படும் இடத்தில் வைத்தால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், அதனால் அன்றன்றே படம் எடுத்து வையுங்கள்.

ஸ்லிப்பைத்தான் படம் எடுக்க வேண்டும், கார்டை ஒருபோதும் எடுக்காதீர்கள். எண்ணை நோட்டில் குறிப்பதும் தவறு. கார்டின் பின்புறம் உள்ள மூன்று இலக்கத்தை, பில் முடிந்த பிறகு எந்த வடிவத்திலும் வைத்திருக்கக்கூடாது என்பது கார்டு பாதுகாப்பு விதி. கார்டின் ரகசிய எண்ணை (‘PIN’) வாடிக்கையாளரே அடிக்க வேண்டும், ஊழியர் கேட்கவே கூடாது. மெஷினின் அடியில் உள்ள வரிசை எண்ணையும் சீலையும் முதல் நாளே படம் எடுத்து, காலையில் கடை திறந்ததும் ஒப்பிடுங்கள். செருகும் வாய் தடிமனாகவோ ஆட்டம் கண்டோ இருந்தால் அதில் கார்டு வாங்காதீர்கள். ‘சர்வீஸ்’ என்று சொல்லி அழைக்காமல் வந்து மெஷினை மாற்றித் தருகிறேன் என்பவரை நிறுத்தி, உங்கள் ஒப்பந்தத் தாளில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசி உறுதி செய்யுங்கள்.

மெஷின் தரும் நிறுவனங்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பேட்ச் முடியும் நேரம், பணம் வந்து சேரும் நாள், எல்லாப் பிடித்தங்களும், புகாருக்குப் பதில் அனுப்ப வேண்டிய கெடு ஆகியவற்றை ஒப்பந்தத்தின் நாற்பதாம் பக்கத்தில் ஒளிக்காமல், தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு மெஷினோடு சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒரு வாசகர்