பூங்குழலி இல்லாத கடல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் கதைக் கட்டும் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. இங்கு எல்லோரும் நலம். கண் அறுவைக்குப் பிறகு எனக்கு மீண்டும் நெடுநேரம் படிக்க முடிகிறது; உங்கள் கதையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வரும் படகோட்டிப் பெண் பூங்குழலியைச் சாண்டில்யனின் 'கடல் புறா'வில் ஏற்றிவிட்ட உங்கள் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. புயலில் சிக்கிய அவள் படகு நூறாண்டுகளைக் கடந்து, அதன் தலைவன் இளையபல்லவனின் மரக்கலத்தருகே வந்து ஒதுங்குவதை மறுபேச்சின்றி நம்பினேன். அந்த இரு நாவல்களோடும் வளர்ந்தவன் நம்பாமல் வேறென்ன செய்வான்! இதைச் சொந்தக் கதையாக்கி அச்சுக்குத் தர விரும்புவதாகவும், அதற்குப் பெயர்களை மாற்றினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் எண்ணம்.

1906-இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொரீஸ் லெப்லாங், தம் திருடன் ஆர்சேன் லூப்பனின் கதைக்குள் ஷெர்லாக் ஹோம்ஸை அழைத்து வந்தார். ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் தரப்பில் ஆட்சேபம் எழவே, அக்கதை நூலில் சேர்ந்தபோது துப்பறிவாளர் 'ஹெர்லாக் ஷோம்ஸ்' ஆனார். எழுத்துதான் இடம் மாறியது, ஆள் மாறவில்லை. அவர் யாரென்று வாசகருக்குத் தெரிந்தால்தான் அந்தக் கதைக்கே சுவை. உங்கள் விருப்பமோ இரு நாவல்களையும் அறியாதவரும் படிக்க வேண்டும் என்பது.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. இளையபல்லவனாகிய கருணாகரத் தொண்டைமானோ கலிங்கத்துப்பரணியிலேயே இருப்பவன், வரலாற்றுக்கு உரியவன். ஆனால் 'கடல் புறா'வின் மஞ்சளழகி சாண்டில்யனின் கற்பனையில் பிறந்தவள். அவளை அப்படியே எடுத்தாள்வது முறையன்று. இவற்றை நீங்களே அறிவீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று.

பூங்குழலி மரக்கலத்தின் மேல்தளத்தில் தனியே நிற்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. திரும்பப் படித்தபோது நீங்கள் அங்கே எழுதியிருப்பது மிகச் சில வரிகளே என்று கண்டேன். கோடிக்கரைச் சதுப்பில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று வந்தியத்தேவனுக்குக் காட்டிய அந்தப் பெண்ணை நான் முன்பே அறிந்திருந்ததால்தான் மனம் கரைந்தது. அந்தக் கண்ணீர் கல்கி சம்பாதித்து வைத்தது. பெயரை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது யாரென்றே தெரியாத, வாய் பேசாத ஒரு பெண்.

அதற்கு நேர்மாறாக, கொண்டல் காற்று வலுக்கப் போவதை அலையின் நிறம் பார்த்து அவள் சொல்ல, தலைவன் அதைக் கேளாமல் பாயை இறக்க மறுக்கும் காட்சி முழுக்க முழுக்க உங்களுடையது. கடலையே வீடாகக் கொண்டவளுக்கும் அதைப் போர்க்களமாக மட்டுமே பார்ப்பவனுக்கும் நடக்கும் அந்த வழக்குக்காகத்தான் நீங்கள் இருவரையும் ஒரே மரக்கலத்தில் ஏற்றினீர்கள் என்று நினைக்கிறேன். அதை மட்டும் வைத்துக்கொண்டு, காலம் தாண்டும் புயல் உட்பட மற்ற அனைத்தையும் கைவிடத் துணியுங்கள்.

தலைவனைப் படைத்தலைவனாகவே வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் வெட்டுவித்தது. அங்கு வரும் மரக்கல நாயனும் (கப்பல் தலைவன்) கேவிகளும் (கப்பலின் ஆட்கள்) கஸ்தூரி விலையை வைத்துக் கணக்கிட்டுப் பொன் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. குலோத்துங்கன் காலத்து அந்த மரக்கல நாயன்களில் ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவனுக்குச் சரக்கும் கடனும் உண்டு, கரையில் எடுத்து வைக்க வேண்டிய பொன்னும் உண்டு. காற்றை எதிர்த்து அவன் ஏன் விரைகிறான் என்பதற்கு வீரத்தை விட வலுவான காரணம் கிடைத்துவிடுகிறது. பெண்ணும் அவன் காலத்தவளாகவே இருக்கட்டும். கலங்கரை விளக்கத்துப் பெண்ணாக வேண்டாம். நாகப்பட்டினத்தில் பாய் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவளாக்கினால், பாயை இறக்கச் சொல்ல அவளுக்குத் தனி உரிமையே வந்துவிடும். அருள்மொழிவர்மனை நினைத்து அவள் ஏங்கும் பக்கங்கள் அழகானவைதாம், ஆனாலும் அவை போகத்தான் வேண்டும்.

முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதியதும் அனுப்பிவையுங்கள். என் மருமகள் நன்றாகப் படிப்பவள், ஆனால் கல்கியையும் சாண்டில்யனையும் தொட்டதில்லை. முதலில் அவளிடம் கொடுத்து, அந்தப் பெண்ணைப் பற்றி அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்