ப்ரைமாகுயினைப் பொட்டலத்தில் கட்டாதீர்கள்: மருந்துக்கடை நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு மடல்

பர்மாவில் பெகுவிலிருந்து மோல்மீன் வரை மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ரப்பர்த் தோட்டத்திலிருந்து குளிர்காய்ச்சலோடு வருகிறவர் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கடைப்படியைத்தான் மிதிக்கிறார். பட்டையிலிருந்து நாலைந்து மாத்திரைகளைக் கத்தரித்து, பெயர் எழுதாத பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. கையில் காசில்லாதவருக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தில் ப்ரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரை போகக் கூடாது.

மலேரியாக் கிருமிகளில் வைவாக்ஸ் என்ற வகை ஈரலுக்குள் ஒளிந்து தூங்கும். மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின் மாத்திரை ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும், ஈரலில் இருப்பதைத் தொடாது. அதனால்தான் போன காய்ச்சல் சில வாரமோ மாதமோ கழித்துத் திரும்பி வருகிறது. அதை வேரோடு ஒழிக்க ப்ரைமாகுயின் வேண்டும், வழக்கமாக 14 நாள். நல்ல மருந்து, சந்தேகமில்லை. ஆனால் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இது சிவப்பணுக்களை உடைத்துவிடும். காரணம் இந்த நொதிதான் என்று 1956லேயே தெரிந்துவிட்டது. உலகத்தில் 40 கோடிப் பேருக்கு மேல் இந்தக் குறை உண்டு. மருந்து உள்ளே போகிறவரை பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இராது, அதனால் தெரியவும் தெரியாது.

“அது பர்மாக்காரர்களுக்கு வருவது, நம்ம ஆளுக்கு ஒன்றும் ஆகாது” என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே அதிகம் காணப்படுவது மஹிடோல் என்ற வகை, அது சரி. இந்திய வம்சத்திலும் மெடிட்டரேனியன், ஒரிசா, கேரளா-கல்யாண் என்று வகைகள் இருக்கின்றனவே! தவிர, இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அப்பா தஞ்சாவூர்க்காரர், அம்மா இங்கத்திய மோன் இனத்தவர் என்றால், பையனிடம் இருப்பது அம்மா வழி எக்ஸ்தான். நாமோ வழக்கம்போல அப்பன் பேரையும் ஊரையும் விசாரிக்கிறோம். முகத்தையும் குலத்தையும் பார்த்து எந்தக் கடைக்காரராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், சோதித்துவிடலாம். பெண்களில் பாதிக் குறை உள்ளவர்களைச் சாதாரணப் பட்டைச் சோதனை தவறவிடக்கூடும் என்பதால் அவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தே கூடாது. குறை உள்ளவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை: வாரம் ஒரு தடவை என்று 8 வாரம் கொடுக்கும் முறை இருக்கிறது, ஆனால் அது டாக்டரின் கண்காணிப்பில் நடக்க வேண்டியது. ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியாக் காய்ச்சலுக்கு ஒரே வேளை சிறிய அளவில் கொடுப்பது வேறு கதை. அதற்குச் சோதனை தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒன்று. குறை உள்ளவருக்கு ப்ரைமாகுயின் மாத்திரை தொடங்கிய சில நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். வீட்டில் மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே மாத்திரையையும் தொடர்வார்கள். அப்படி யார் வந்து சொன்னாலும் உடனே மாத்திரையை நிறுத்தச் சொல்லி, நீங்கள் கொடுத்த மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ரத்தம் உடைந்துகொண்டிருக்கும்போது சோதித்தால் நொதி சரியாக இருப்பதுபோலக்கூட முடிவு வரலாம். அந்த நேரத்தில் டாக்டருக்குத் துப்புக் கொடுப்பது நீங்கள் எழுதிய தாள்தான்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி,
மோல்மீன்