காங்கிரீட் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலினார் ஆஸ்ட்ரம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை வாங்கிய முதல் பெண்மணி உண்மையில் ஓர் அரசியல் அறிவியல் பேராசிரியர் என்பதையும், கணிதம் போதாது என்று பொருளாதாரத் துறை அவரை முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சுவையாகச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். சந்தோஷம். ஆனால் பரிசுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட அவர் வாய்க்கால் வரப்பிலும் தெருவிலும் செய்த வேலைக்குக் கிடைக்கவில்லை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் எனக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

நேபாளத்தில் இரண்டு வகை வாய்க்கால்கள் உண்டு. ஒன்று, விவசாயிகளே கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டு ஆற்றில் கொரம்பு என்னும் தற்காலிகத் தடுப்பைக் கட்டித் தண்ணீரைத் திருப்பி, தாங்களே பார்த்துக்கொள்வது. மற்றொன்று, அரசாங்கம் காங்கிரீட்டில் தடுப்பணை கட்டி, பொறியாளர்களை வைத்து நடத்துவது. எது உருப்படியானது என்று கேட்டால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் இரண்டாவதைத்தான் சொல்வோம். ஆஸ்ட்ரமும் அவருடன் வேலை செய்தவர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட வாய்க்கால்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதில் விவசாயிகள் நடத்தியவைதான் பெரும்பாலும் முன்னால் நின்றன.

ஏன்? கொரம்பை ஒவ்வொரு மழையும் அடித்துக்கொண்டு போய்விடும். திரும்பக் கட்ட ஆள் வேண்டும். வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர் தனியாக நின்று கட்ட முடியாது. கடைமடைக்காரரும் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். தண்ணீர் கொடுக்காவிட்டால் அவர் எதற்கு வரப் போகிறார்? காங்கிரீட் அணை வந்ததும் அந்த வேலை இல்லாமல் போயிற்று. வேலையோடு சேர்ந்து கடைமடைக்காரருக்கு இருந்த மரியாதையும் போயிற்று.

இதைப் படித்தபோது எங்கள் கொப்பு வாய்க்கால், அதாவது கிளை வாய்க்கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. முன்பெல்லாம் ஆகஸ்டில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால், தலைமடையிலிருந்து கடைசி வயல் வரை வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கோரையும் வண்டலும் வெட்டி எடுப்பார்கள். வராதவர் கூலியாள் அனுப்புவார். மேல்பாதிக்குச் சிமெண்டு பூசிய பிறகு மேலே இருப்பவர்கள் வருவதில்லை. போய்க் கூப்பிட்டால், "அதுதான் காங்கிரீட் போட்டாச்சுங்களே மாமா, இன்னும் என்னத்த வெட்டறது?" என்கிறார்கள். அவர்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறிவிடுகிறது, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாங்கள் ராத்திரியில் டார்ச் லைட்டோடு மொபெட்டில் போய் மதகு ஷட்டரைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

கீழ்பவானி சின்ன விஷயம் இல்லை. 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால், அதில் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, 2.07 லட்சம் ஏக்கர். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படைக்கு அடுத்த போகம் என்று முறை. இதைச் சீரமைக்க 700 கோடிக்கு மேல் ஒதுக்கி, காங்கிரீட் வேண்டும் என்று ஒரு சாராரும் கசிவுநீர் நின்றால் கிணறு வற்றிப் போகும் என்று இன்னொரு சாராரும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியது வாசகர்களுக்குத் தெரியும். கடைமடைக்காரன் என்பதால் நான் சீரமைப்பு வேண்டும் என்ற பக்கம்தான் நின்றேன், இப்போதும் நிற்கிறேன். ஆனால் இரண்டு பக்கத்து மேடையிலும் கன அடிக் கணக்கைத்தான் கேட்டேன். வேலை முடிந்த பிறகு வாய்க்காலை யார் பார்த்துக்கொள்வது, பார்த்துக்கொள்ளாதவரை யார் கேட்பது என்ற பேச்சே வரவில்லை. அதற்காகவே 2000-ல் சட்டம் போட்டு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வைத்தார்கள். தேர்தல் நடக்கிறது, தலைவர் வருகிறார். அப்புறம்? எங்கள் பக்கத்தில் கூட்டத்துக்கு வருகிறவர்களைவிடத் தலைவர் பதவிக்கு நின்றவர்கள் அதிகம்.

கட்டுரை இரண்டே வரியில் தாண்டிப் போன இன்னொரு வேலை, ஆஸ்ட்ரம் 1970 வாக்கில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் செய்த காவல்துறை ஆய்வு. சின்னச் சின்ன ஊர்களின் காவல் பிரிவுகளை எல்லாம் பெருநகரத்தோடு இணைத்துவிட்டால் திறமையும் கூடும், செலவும் மிச்சம் என்று அன்றைய நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் மாணவர்களோடு வீடு வீடாக ஆய்வுக்கு இறங்கினார். கூப்பிட்டால் போலீஸ் எவ்வளவு நேரத்தில் வருகிறது, வந்தால் எப்படி நடந்துகொள்கிறது என்று சனங்களையே கேட்டார்கள். ஒரே மாதிரியான பகுதிகளை வைத்து ஒப்பிட்டதில், சின்ன ஊர்களின் போலீஸ் பெருநகரப் போலீஸுக்குச் சளைக்கவில்லை; பல விஷயங்களில் மேலாகவே இருந்தது.

கோவை மாநகராட்சி 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 100 வார்டு ஆயிற்று. 2025 தொடக்கத்தில் மேலும் பல ஊராட்சிகளைப் பக்கத்து நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று ஊர் ஊராக மனுக் கொடுத்தார்கள். இணைத்தது சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. 2011-ல் சேர்ந்த பகுதிகளில் குப்பையும் குடிதண்ணீரும் தெருவிளக்கும் முன்பைவிடத் தேவலையா என்று ஒரு கல்லூரியாவது வீடு வீடாகக் கேட்டுப் பார்த்து, சேரப் போகிற ஊர்க்காரர்கள் கையில் அதைக் கொடுத்திருக்கலாம்.

கேட்க ஊராட்சிப் பிரதிநிதியும் இல்லாமல் போனது வேறு கதை. 2016-ல் பதவிக்காலம் முடிந்து மூன்று வருஷம் தேர்தல் இல்லாமல் கிடந்தோம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, கொங்கு மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போயின. கிராமசபைக்கு வருஷத்தில் ஆறு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினால், கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கான கோரம் நிறைந்துவிடும். தீர்மான நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

கட்டுரையாளரோடு ஓர் இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஆஸ்ட்ரம் சொன்னதை வைத்து, "அந்தக் காலத்தில் ஊரே கூடி முடிவெடுத்தது, அரசாங்கம் வந்துதான் கெட்டது" என்று முடித்திருக்கிறார். அந்த ஊர்க்கூட்டத்தில் திண்ணை மேல் உட்கார்ந்தவர் யார், கீழே கைகட்டி நின்றவர் யார் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த விதியை மாற்றுவதில் பங்கு வேண்டும் என்பது ஆஸ்ட்ரமின் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று. இன்றைய பாசன சங்கத்திலும் பட்டா உள்ளவருக்குத்தான் ஓட்டு. விடிய விடிய வயலில் தண்ணி கட்டுகிற கூலிக்காரருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

எங்கள் பக்கம் பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமில்லை; அரசியல் அறிவியல் சொல்லித் தரும் கல்லூரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இருக்கிற ஒன்றிரண்டு துறைகளாவது மாணவர்களைக் கீழ்பவானிக்கு அனுப்பட்டும். காங்கிரீட் போட்ட பகுதியில் பத்து மதகு, மண் வாய்க்காலாக இருக்கும் பகுதியில் பத்து மதகு எடுத்துக்கொண்டு, கடைசி வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் வந்தது, தூர் வார யார் வந்தார்கள், சண்டை வந்தால் யாரிடம் போனார்கள் என்று கேட்டு எழுதினால் போதும். உங்கள் இதழ் அதை வெளியிடுமானால், ஆயக்கட்டில் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்ய நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கீழ்பவானி ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.