60 ஏக்கர், மூன்று பங்கு

நைரோபி
ஞாயிறு இரவு

டேய் சண்முகம்,

மெயிலுக்குப் பதில் போடாதவனை இந்நேரம் திட்டித் தீர்த்திருப்பாய். மிச்சம் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் தமிழைவிட ஸ்வாஹிலி சரளமாக வருகிறது, அம்மா போனில் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆனதைச் செல்வம் சொன்னான். அவன் இன்னும் அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறானா?

சரி, விஷயம். எனக்கு உன்னிடம் ஒரு யோசனை வேண்டும். ஆடிட்டர் மூளைக்கு எட்டாத யோசனை, காடு கரை வைத்திருப்பவன்தான் சொல்ல முடியும்.

எங்கள் ஆபீஸ் டிரைவர் சைத்தோட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, மாடு மேய்க்கும் மசாய் இனத்துக்காரன். நீ வந்திருந்தால் ஏர்போர்ட்டில் அவன்தான் நின்றிருப்பான், துரைக்குத்தான் வாழைத்தார் வெட்டு வந்துவிட்டது. அவன் ஊர் கிமானா, அம்போசெலி வனவிலங்குப் பூங்காவுக்குக் கிழக்கே. கிளிமஞ்சாரோ இருப்பது தான்சானியாவில், அதன் தண்ணீர் ஊற்றெடுப்பது இந்தப் பக்கம். அவன் அப்பா சமீபத்தில் காலமானார். வைத்துவிட்டுப் போனது 60 ஏக்கர். பிள்ளைகள் மூன்று பேர். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் பெரியப்பா வீட்டுப் பஞ்சாயத்தில் நானும் காபி குடித்தவன்தான்.

அந்தப் பக்கமெல்லாம் முன்பு ஊர்ப் பொது நிலம். மாடு எங்கே வேண்டுமானாலும் மேயும், யானையும் வரிக்குதிரையும் அப்படியே. பிறகு அளந்து, கல் நட்டு, தலைக்கு 60 ஏக்கர் என்று பட்டா போட்டுக் கொடுத்தார்கள். இப்போது அடுத்த தலைமுறை, ஆளுக்கு 20. பெரியவன் நைரோபிக்காரன் ஒருவனுக்கு விற்கத் துடிக்கிறான். நடுவுளவன் போர் போட்டுத் தக்காளி வைக்கலாம் என்கிறான். சைத்தோட்டி, வேலி போடாமல் உழாமல் விட்டால் வருடக் குத்தகை தருகிறோம் என்று சொல்லும் வனவிலங்கு அமைப்புக்கு விடலாம் என்கிறான். மாடு மேய்த்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. மூவரும் சேர்ந்து என்னைக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்காகவே போய்ப் பார்த்தேன். பக்கத்து ஷாம்பாவில் (தோட்டத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) சோலார் வேலி. உள்ளே தக்காளியும் வெங்காயமும் நம் தொண்டாமுத்தூர் மாதிரியே இருக்கிறது. வெளியே கம்பியை ஒட்டி ஒரு தடம், புழுதி மாவாக மிதிபட்டு. யானைகள் வேலியோரமாகவே நடந்து, அது முடிகிற இடத்தில்தான் சதுப்புப் பக்கம் திரும்புகின்றன. ஓரிடத்தில் கம்பம் சாய்ந்து, அறுந்த கம்பியை மூன்று முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தந்தத்தில் கரண்ட் ஏறாது என்று தெரிந்துகொண்ட ஒரு கொம்பன், தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு தந்தத்தாலேயே நெட்டி அறுக்கிறதாம். சைத்தோட்டி அதைச் சொன்னபோது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நடுவுளவன் முகத்தில் இல்லை.

நீ எப்போது பேசினாலும் "அங்கே வீரப்பன் மாதிரி யாரும் உண்டா" என்றுதானே கேட்பாய்? இருந்தார்கள், ஊர்ப்பட்ட பேர். 1973-ல் கென்யாவில் சுமார் 1,67,000 யானைகள். 1989-ல் மிஞ்சியது 16,000. அந்த வருடம்தான் அன்றைய ஜனாதிபதி மோய் 12 டன் தந்தத்தைக் குவித்துத் தீ வைத்தார், உலகத் தந்த வியாபாரத்துக்கும் தடை வந்தது. 2016-ல் இதே நைரோபியில் 105 டன் எரித்தார்கள். 2017 கடைசியில் சீனா தன் உள்நாட்டுத் தந்தச் சந்தையையே மூடியது. இன்றைக்கு எண்ணிக்கை 36,000-ஐத் தாண்டியிருக்கிறது. அதாவது துப்பாக்கிக்காரனை ஓரளவுக்கு அடக்கிவிட்டார்கள்.

லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வருகிற துப்பாக்கிக்காரன் வேறு ரகம். கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது, எல்லை தாண்டினால் தான்சானியாவில் அனுமதி உண்டு. அம்போசெலி ஆண் யானைகளை எல்லையோரம் சுடுவதில்லை என்று முப்பது வருடத்துக்கு அருகே ஒரு வாய்மொழி உடன்பாடு ஓடிக்கொண்டிருந்தது. 2023 செப்டம்பரில் அது போயிற்று. அடுத்த சில மாதங்களில் ஐந்து யானைகளாவது விழுந்தன, பெருந்தந்த யானைகளும் அதில் உண்டு. ஒரு தந்தமே 45 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பட்டம். கிழட்டு யானைதானே என்கிறார்கள் வேட்டைக்காரர்கள். 1972-லிருந்து இந்த யானைகளை ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக் கவனித்து வரும் ஆராய்ச்சிக்காரர்கள், நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்தான் அதிகம் குட்டிக்குத் தகப்பன் என்று காட்டியிருக்கிறார்கள். இதை எங்கள் கிளப்பில் சொல்லப்போய், ஜெர்மன்காரர் ஒருவரோடு வாக்குவாதமாகி, பில்லை நான் கட்டினேன்.

ஆனாலும் அந்தப் பக்கத்து நியாயத்தையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. போட்ஸ்வானாவில் யானை 1,30,000. வேட்டையாடிய விலங்கின் தலை, தந்தம் போன்றவற்றை நினைவுப்பொருளாக இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்தலாமா என்று ஜெர்மனி யோசித்தபோது, 2024-ல் போட்ஸ்வானாவின் அப்போதைய ஜனாதிபதி மசீசி, "இருபதாயிரம் யானை அனுப்புகிறேன், நீங்களே வைத்துக் குடும்பம் நடத்துங்கள்" என்கிற தோரணையில் பேசினார். சிரித்தேன். பிறகு உன் தோப்பு ஞாபகம் வந்தது. தார் விட்ட 200 வாழையை யானை சாய்த்ததைக் காலையில் பார்த்துவிட்டு நீ போனில் பேசிய பேச்சும்.

எனக்குப் பயமெல்லாம் தக்காளி மேல்தான். பூங்கா 392 சதுர கிலோமீட்டர், அவ்வளவுதான். யானை நடமாடுகிற இடம் அதைப்போலப் பல மடங்கு, எல்லாம் சைத்தோட்டி மாதிரி ஆட்களின் நிலம். 2022 வறட்சியில் கென்யாவில் பிப்ரவரியிலிருந்து அக்டோபருக்குள் 205 யானைகள் செத்தன. புல்லும் தண்ணீரும் தேடி நடக்க வழி இருந்தால்தானே வறட்சியைத் தாண்டும்? அந்த வழியில்தான் இப்போது வேலி. அதே வறட்சிக்குப் பிறகு, 2023 மே மாதம், ஒரே வாரத்தில் பத்துச் சிங்கங்களைக் கொன்றார்கள். ஆறு ஒரே நாளில், ஆடு அடித்ததற்காக. அதில் லூன்கீட்டோ என்ற கிழச் சிங்கத்துக்கு வயது 19, காட்டில் சிங்கம் அவ்வளவு நாள் இருப்பதே அபூர்வம். கொன்றவர்களை நான் என்ன சொல்ல? வறட்சியில் மாடெல்லாம் போய் மிஞ்சியது அந்த ஆடுகள்தான். விலங்கு தாக்கி மனிதன் செத்தால் 50 லட்சம் ஷில்லிங் நஷ்டஈடு என்று சட்டத்தில் இருக்கிறது, கைக்கு வருவதற்குள் பிள்ளைகள் கல்யாணம் ஆகிவிடும்.

பெரிய கம்பெனி என்றால் சண்டை போடலாம். யானை போகிற வழியில் 180 ஏக்கர் வளைத்து வெண்ணெய்ப்பழத் தோட்டம் போட்டார்கள், எதிர்ப்பு கிளம்பி, அனுமதி ரத்தாகி, 2021-ல் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. மூன்று அண்ணன் தம்பிகள் மேல் யார் கேஸ் போடுவது? போட்டால்தான் நியாயமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல வருடத்தில் தக்காளி வருமானம் குத்தகையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. போர், பம்பு, மருந்து, ராத்திரிக் காவல், விலை விழுகிற மாதம், யானை புகுந்த ராத்திரி எல்லாம் கழித்தால் இடைவெளி சுருங்குகிறது, மறையவில்லை. பெரியவன் 20 ஏக்கரை விற்று அங்கே வேலி வந்துவிட்டால், மீதி 40-ஐ அமைப்பு அதே குத்தகைக்கு எடுக்குமா என்பதே சந்தேகம். அதைக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அதனால் உன்னிடம் கேட்கிறேன். பள்ளத்தை ஒட்டி யானை இறங்குகிற அந்த ரெண்டு ஏக்கரை, வாழை வைக்காமல் கம்பி கட்டாமல் சும்மா போட்டு வை, வருடா வருடம் பணம் தருகிறோம் என்று ஒருவன் வந்தால் விடுவாயா? எவ்வளவு கேட்பாய்? ஒரு வருடம் பாக்கி வைத்தால் எத்தனை மாதம் பொறுப்பாய்? பெருந்தன்மை எல்லாம் வேண்டாம், செல்வத்திடம் கடன் வசூல் பண்ணுகிறவன் மாதிரி சொல். வாத்தியார் இருந்தால் அவரையும் கேள், அவரும் நிலம் விற்றவர்தான்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை அவர்கள் உட்காருகிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் எழுது.

பாலு

பி.கு.: நீ கேட்ட காப்பிக்கொட்டை ஜெயந்தி கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒரு கிலோ அவளுக்கு, மறக்காமல் கொடுத்துவிடு.