சவுக்குத் தோப்பைக் காட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்: கடலூர் மாவட்டப் பசுமைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கும், பசுமைக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் விதை பொறுக்கி, நாட்டு மரக் கன்றுகள் வளர்த்துத் தருகிறவர்கள் நாங்கள். மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த பரப்பைப் பத்து ஆண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்துவது 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு. காடு குறைந்த நம் மாவட்டத்துக்கு அதில் பெரிய பொறுப்பு உண்டு. அந்த இலக்கை எந்த மரங்களைக் கொண்டு எட்டப்போகிறோம் என்பதுதான் எங்கள் கவலை.

இந்திய வன அளவைத் துறையின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் மரங்களின் தழைப்பரப்பு 10 விழுக்காடு இருந்தாலே அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. செயற்கைக்கோள் படத்தில் சவுக்குத் தோப்பும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பும் திருமாணிக்குழியில் எஞ்சியிருக்கும் பழங்காடும் ஒரே பச்சைதான். தேசியக் கணக்கை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. ஆனால் மாவட்ட அளவில் தோப்பு தனி, நாட்டுக் காடு தனி என்று இரண்டு பதிவேடு வைக்க உங்களால் முடியும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

சவுக்குப் போடுகிற விவசாயியை நாங்கள் குறை சொல்லவில்லை. ஒரு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 4,000 கன்று நட்டால் நான்கைந்து ஆண்டில் காகித ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் விறகுக்கும் போய்விடும். வேர்முடிச்சில் இருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால் வெறும் மணலிலும் வளரும். கூலியாள் கிடைக்காத காலத்தில் அது நல்ல பயிர், பட்டா நிலத்தில் தாராளமாக இருக்கட்டும். ஆனால் அது பயிர்தான். வெட்டியதும் வேரைத் தோண்டி எடுத்து நிலத்தை உழுதுவிடுவார்கள். பறவை எச்சத்தில் வந்து முளைத்த செடிகளெல்லாம் அந்த உழவில் போகும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அழிந்து புதிதாகத் தொடங்கும் நிலத்தில் காடு உருவாக முடியாது. அதனால்தான் புறம்போக்கு, ஏரிக்கரை, கோயில் நிலம், வனத்துறை நிலம் ஆகியவற்றில் இனிமேல் சவுக்கும் தைலமரமும் வேண்டாம் என்கிறோம்.

இந்தக் கடற்கரைக்கு உரியது உலர் பசுமைமாறாக் காடு. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு ஆறு மாதம் வறட்சி, ஆனாலும் இலை கொட்டாது. வீரை மரத்தின் இலையை விரலால் மடித்துப் பாருங்கள், தோல்போலத் தடித்திருக்கும். வீரை, காசா, பாலை, நாவல், மகிழம், குருந்து, எட்டி, தேற்றான், இவற்றின் மேல் பின்னிக் கிடக்கும் கொடிகள், கீழே காரை, களா, சூரைப் புதர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காடு. மேல்மரம் மட்டும் நட்டால் அது தோட்டமாகத்தான் நிற்கும்.

அதன் மிச்சம் இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில்தான். திருமாணிக்குழி, குழந்தைகுப்பம், புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் ஆகிய இடங்கள்தான் நமக்கு விதைப்பண்ணை. குடமுழுக்கு வந்தால் அடிப்புதரை வெட்டிச் சுத்தம் செய்து, சிமென்ட் தளம் போட்டு, வண்டி நிறுத்த இடம் ஒதுக்குகிறார்கள். பெரிய மரங்கள் நிற்பதால் யார் கண்ணுக்கும் அழிவு தெரியாது. அடுத்த தலைமுறைக் கன்றுகள் அந்தப் புதரோடு போய்விட்டிருக்கும். அறநிலையத் துறையோடு பேசி, கோயில் காட்டில் அடிப்புதர் வெட்டக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு பிறப்பியுங்கள்.

அடுத்தது நாற்றங்கால். பெரும்பாலான திட்டங்கள் தோற்பது இங்கேதான். ஜூலையில் ஆணை வரும், அக்டோபரில் கன்று கேட்பார்கள். மூன்று மாதத்தில் எந்த நாற்றங்காலாலும் பாலைக் கன்று தர முடியாது. அதனால் புங்கன், பாதாம், தூங்குமூஞ்சி என்று சீக்கிரம் வளர்வதைக் கொடுத்து எண்ணிக்கையை முடிக்கிறார்கள். பாலை எவ்வளவு மெதுவாக வளரும் என்பது சப்போட்டா ஒட்டுக்கன்று போடுகிறவர்களுக்குத் தெரியும். சப்போட்டாக் கிளையை ஒட்டுவதற்கு வேரோடு நிற்கும் அடிக்கன்றாகப் பாலையைத்தான் வளர்க்கிறார்கள், ஒட்டுக்கட்டும் தடிமன் வர இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் ஆகும். நாவல் விதையின் சிக்கல் வேறு. சதையைக் கழுவி ஈரத்தோடு உடனே விதைக்க வேண்டும், பத்துப் பதினைந்து நாள் காயவிட்டால் முளைக்காது. வேப்பவிதையும் சில வாரங்கள்தான் தாங்கும். பூவந்தி என்ற பூந்திக்கொட்டை விதையின் ஓடு கல் மாதிரி, ஒரு பக்கம் உரசித் தேய்த்து ஊறவைத்தால்தான் நீர் உள்ளே போகும்.

பையின் அளவையும் மாற்றுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் பையில் ஓராண்டு நிற்கும் கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். நட்டபின் மேலே பசுமையாகத் தெரியும், முதல் கோடையிலேயே காயும். ஆறுக்கு ஒன்பது அங்குலப் பை, செம்மண் இரண்டு பங்கு, மணலும் மக்கிய தொழு உரமும் ஒவ்வொரு பங்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி அடியில் நீண்ட வேரை வெட்டுதல். இதற்குக் கன்று ஒன்றுக்கான விலையைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

நடவை ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் வைப்பது நம் ஊருக்கு ஆகாது. வடகிழக்குப் பருவமழை இறங்கி, மண் ஒரு அடி ஆழம் நனைந்தபின் நடுங்கள், கார்த்திகை பாதிக்குள் முடியுங்கள். அதற்கு முன் செம்மண் மேடுகளில் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகும் சமமட்ட வரப்பும் அதன் மேல்பக்கம் வாய்க்காலும் வெட்டி மழைநீரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முதல் கனமழையே குழியோடு கன்றை அரித்துக்கொண்டு போகும். 1968-இல் பொட்டல் மேடாக இருந்த, புதுச்சேரியை அடுத்த ஆரோவில் நிலம் வரப்புகளோடுதான் மீளத் தொடங்கியது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி போதும். இரண்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஆயிரம் கன்று, குறைந்தது முப்பது வகை கலந்து. முதல் கோடையில் மாசி முதல் ஆனி வரை பத்து நாளுக்கு ஒரு குடம் தண்ணீர், அடியில் சருகு மூடாக்கு. ஏரியோரத் தாழ்நிலத்தில் வீரையும் பாலையும் அழுகும். அங்கே மருதம், மாவிலங்கம், நாவல், புன்னை. கடலோர மணல்மேட்டில் மரமே வேண்டாம், அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் அந்த மணலைப் பிடித்துக்கொள்ளும்.

பொது நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் சவுக்கை ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை தரையோடு அறுத்து, வேரைத் தோண்டாமல் விடுங்கள். அதன் ஊசிச் சருகு மெத்தைபோல் கிடக்கும், விழுந்த விதை மண்ணைத் தொடாது, கோடையில் தீயும் பிடிக்கும். நடும் கோட்டில் மட்டும் அதை விலக்கி வீரை, காசா, குருந்து போன்ற நிழல் தாங்கும் கன்றுகளை வையுங்கள். ஆரோவில்லில் ஆஸ்திரேலிய அக்கேசியாக்களை முதலில் நட்டு, அவற்றின் நிழலில்தான் நாட்டு மரங்களை ஏற்றினார்கள். கன்றுகள் ஆளுயரம் வந்தபின் மிச்சச் சவுக்கை இரண்டு மூன்று தவணையில் எடுத்து விற்கலாம், அந்தப் பணம் பராமரிப்புக்கு ஆகும்.

ஆடு நுழைந்தால் இவ்வளவு வேலையும் வீண். கம்பிவேலி களவு போகிறது. மழைக்கு முன் நான்கடிக் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நெருக்கமாக இரண்டு வரிசை ஊன்றினால் இரண்டாம் ஆண்டில் உயிர்வேலி. ஆடு மேய்ப்பவர்களை விரட்டாமல், உள்ளே வளரும் புல்லை அறுத்துப் போக அனுமதி கொடுங்கள். வேலியை அவர்களே காப்பார்கள்.

ஒப்பந்தத் தொகையை நட்ட எண்ணிக்கைக்கு முழுவதும் கொடுத்துவிடாமல், பாதியை மூன்றாம் கோடை முடிவில் உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணியபின் கொடுங்கள். எண்ணும்போது வகைவாரியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் செத்த வீரைக்குப் பதில் புங்கன் நிற்கும்.

நாவலும் வேம்பும் ஆனி, ஆடியில் பழுக்கும். வரும் வைகாசிக்குள் நாற்றங்கால் ஆணை வந்தால் அவ்விரண்டும் மறு ஆண்டு ஐப்பசிக்குத் தயார், வீரையும் பாலையும் அதற்கும் அடுத்த ஐப்பசிக்கு. அந்த ஆணையோடு, எந்தெந்தப் பொது நிலம் நாட்டுக் காட்டுக்கு என்று புல எண்ணோடு ஒரு பட்டியலையும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாட்டு மரக் கன்று வளர்ப்போர்,
கடலூர் – புதுச்சேரி